மஞ்சள் தடவிய பூட்டு

இன்று மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். அவனுக்காக வேண்டிக்கொண்டு, மார்க்கெட் பக்கத்துப் பாபா தர்கா ஜன்னலில் நான் போட்டிருந்த பூட்டைத் திறக்கப் போனேன். சாம்பிராணிப் புகை மூக்கிலேறியதும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

அப்போது தங்கச்சிக்கு விஷக்காய்ச்சல். ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்தே வந்து, பூட்டுக்கு மஞ்சள் தடவிக் குங்குமமும் வைத்து, இதே கம்பியில்தான் அம்மா பூட்டினாள். வேண்டியது பலித்தால்தான் திறக்கலாம். இந்துவானாலும் முஸ்லிமானாலும் வழக்கம் அதுதான்.

மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஜல்தி வேணாம்மா, ஒரு வாரம் பொறு. தொறந்துட்டா நேர்ச்சை முடிஞ்சுபோச்சு," என்றார் மயிலிறகால் மந்திரித்துக்கொண்டிருந்த பாய்.

"பிள்ளை கஞ்சி கேக்குது பாய்! பாபாவைக் காக்க வைக்கலாமா?"

அம்மா திறந்தாள். எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள்.

வீடு திரும்பியபோது தங்கச்சியின் உடம்பு அனலாய்க் கொதித்தது. மறுநாள் போய்விட்டாள். அதற்கப்புறம் அம்மா காபியில்கூடச் சர்க்கரை போட்டுக்கொண்டதில்லை.

கொன்றது காய்ச்சல்தான், பூட்டில்லை. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் நடத்துகிறவளுக்கு இது தெரியாதா? மகன் காலையில் இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். டாக்டரே கைகுலுக்கி அனுப்பினார்.

சாவியைப் பூட்டில் நுழைத்தேன். கை திருப்ப மறுத்தது. உருவி, முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.