சிவப்பி தின்ற படங்கள்

காய்ச்சின கோதுமை மாப்பசையின் புளித்த மணம் எங்காவது மூக்கில் பட்டால், இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். கொடிகாமத்தில் அரிசி ஆலை, சாவகச்சேரியில் கடைகள், ஓடுகிற லொறிகள், படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு மண்டபம் என்று இவ்வளவையும் ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் ஒருவருடைய தயவும் இல்லாமல் உண்டாக்கினேன். ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்தி, பத்து வயதில் நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதைப் போன மாதம் என்னுடைய மண்டபத்திலேயே வேறொருவர் செய்ததாகச் சொன்னார்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் பள்ளிக்கூட மதில் தெருவோரமாக நீண்டு கிடந்தது தியேட்டர்காரருக்கு வாய்ப்பாகப் போயிற்று. படம் மாறும்போதெல்லாம் மணியண்ணை என்பவர் பசை வாளியைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு வந்து, கத்தியும் இரத்தமும் அரைகுறை உடுப்போடு ஒரு நடிகையுமாக ஆளுயரப் போஸ்டர்களை ஒட்டிவிட்டுப் போவார். சின்னப் 'பெடியள்' அதைப் பார்த்து இடைவேளையில் தடியால் கத்திச் சண்டை போட்டார்கள். பெரிய 'பெடியள்' வழியில் போகிற பெண்பிள்ளைகளை நடிகையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் அக்காவையும் கூப்பிட்டார்கள்.

பெற்றோரும் ஆசிரியரும் கூடினார்கள், தேத்தண்ணி குடித்தார்கள். தலைமையாசிரியர் ஒழுக்கத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். ஒட்டுகிறவரையும் ஒன்றும் கேட்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களையும் ஒன்றும் கேட்கவில்லை; பெரிய பெண்பிள்ளைகளை வீட்டில் மறிப்பதுதான் பாதுகாப்பு என்று முடிவெடுத்தார்கள். தகப்பனார், எங்கள் ஐயா, வீட்டுக்கு வந்து வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "உந்தக் கோலத்தைப் பாத்துக்கொண்டு பெட்டை படிக்கப் போகத் தேவையில்லை. நாளையிலயிருந்து நிக்கட்டும்."

அக்கா வகுப்பில் முதலாம் பிள்ளை. எனக்கு வீட்டுக் கணக்கைச் செய்து தருவதும் அவள்தான். அவள் அழவில்லை. புத்தகங்களுக்குப் புதிதாக உறை போட்டு அலுமாரியில் அடுக்கினாள். அழுதிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன்.

போஸ்டரைக் கிழிக்கப் போனேன். பசை சீமெந்துபோல இறுகி, என் நகம்தான் கிழிந்தது. சந்தைச் சுவரில் எங்கள் மாடு சிவப்பி ஒருநாள் ஈரப் பசையை நக்கி அடி வாங்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விடிந்ததும் பிண்ணாக்குத் தண்ணியை மதில் முழுக்க விசிறி ஊறவிட்டு, சிவப்பியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்தச் சொரசொரத்த நாக்கு, கதாநாயகன், கத்தி, நடிகை என்று ஒன்றையும் மிச்சம் விடவில்லை. பள்ளிக்கூட மணி அடித்தபோது மதில் வெறும் மதிலாக நின்றது. அதற்குப் பிறகு மணியண்ணை ஒட்டியதெல்லாம் சிவப்பிக்குக் காலைச் சாப்பாடு.

சில கிழமைக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றார். "தம்பி, உன்ரை மாடு என்ரை படம் முழுக்கத் திண்டிட்டுது. முதலாளிக்கு நான் என்ன சொல்லுறது?"

"உங்கடை பசை நல்ல ருசியாம் அண்ணை. கொஞ்சம் உப்பும் போட்டுக் காய்ச்சுங்கோ."

ஐயா உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார். தடியோடுதான் வருவார் என்று நினைத்தேன். வந்தவர், உமக்கும் படிக்கிற மகள் இருக்கிறாள், ஒட்டுவதற்குச் சந்தைச் சுவர் காணாதா என்று மணியண்ணையிடம் கேட்டார். மணியண்ணை என்னையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சைக்கிளைத் திருப்பினார். ஐயா அக்காவின் பக்கம் பார்க்காமலே, "திங்கட்கிழமை நீ போ" என்றார். அவள் போனாள். பிற்காலத்தில் கணக்கு ஆசிரியையாக ஓய்வுபெற்றாள்.

போன மாதக் கூட்டம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் கண்டதையும் பார்ப்பதைப் பற்றியது. அதே தேத்தண்ணி, அதே ஒழுக்கம். பெண்பிள்ளைகளின் 'ரியூசன்' வகுப்புகளை நிறுத்துவோம் என்று அதே முடிவு. போனை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளை என்ன பார்க்கிறது என்று பக்கத்தில் இருந்து ஒருநாளும் பாராத தகப்பன்மாரை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. இந்த அழகில் ஒருவர் எழுந்து, அந்தக் காலத்தில் தலைமையாசிரியர் தனியொருவராக நின்று மதிலைச் சுத்தமாக்கினார் என்றார். சபை கை தட்டியது.

தியேட்டர் இல்லை, அந்த மதில் இல்லை, மணியண்ணையும் இல்லை. பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று பிள்ளையையே பூட்டிவைக்கிற புத்தி மட்டும் அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூட மலர் அச்சுக்குப் போகிறதாம். மதிலைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என் பெயரைப் போடுங்கள்; அடுத்தது சிவப்பியின் பெயர். தலைமையாசிரியரை, இடம் மிஞ்சினால், மூன்றாவதாகப் போடுங்கள்.