குதிகாலுக்குப் பின்னால் ஒரு குடம்

கார்க் பந்து புருவத்தில் பட்டபோது, வலி தெரியுமுன் சத்தம்தான் கேட்டது, கொட்டாங்கச்சியைக் கல்லில் தட்டினாற்போல. விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த பொட்டலில், என் பதினாலாவது வயதில் அது நடந்தது. தையல் பிரித்து, வீக்கம் வடிந்து, மறுபடி மட்டையைப் பிடித்தபோதுதான் எனக்கு என்ன ஆகியிருக்கிறதென்று தெரிந்தது: பந்து கிளம்பியதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே பின்னால் நகர்ந்தன. "ஓட்றான்டா" என்று பையன்கள் சிரித்தார்கள். திண்டிவனத்துப் பள்ளியோடு பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது. "காலு நிக்கலன்னா உன்ன எறக்க மாட்டேன்" என்று கேப்டன் சொல்லிவிட்டான். ஆட விடமாட்டார்களோ என்று ஒரு பயம். விட்டால் பந்து வருமே என்று அதைவிடப் பெரிய பயம்.

என்னைவிட இரண்டு வயது இளையவளான தங்கை சரசு, கொல்லையில் எனக்கு ரப்பர் பந்து போட்டுப் பார்த்தாள். "அண்ணே, பந்து வர்றதுக்கு முன்னாடியே உன் காலு போய்க்கினு இருக்குது" என்றாள். பிறகு அம்மா தெருக்குழாயில் பிடித்துவைத்திருந்த பித்தளைக் குடத்தைத் தண்ணீரோடு தூக்கிவந்து, என் குதிகாலை ஒட்டிப் பின்னால் வைத்தாள். கோடைக்காலம், குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர். மூன்றாவது பந்திலேயே என் கால் பட்டுக் குடம் கவிழ்ந்தது.

"குடிக்கிற தண்ணிய வெச்சிக்கினு இன்னா வெளையாட்டு?" என்று அம்மா ஓடிவந்தாள்.

"நான்தாம்மா இடிச்சிட்டேன்" என்றாள் சரசு. அடி அவளுக்கு விழுந்தது. மறுநாளும் அவளே குடத்தைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தாள். பந்தைவிட அந்தக் குடத்துக்கு நான் அதிகம் பயந்தேன்; அன்று கால் நகரவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் நகரவில்லை.

பந்தயத்துக்குத் தானும் வரட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "பொட்டப்புள்ளைக்கு அங்க இன்னா வேலை?" என்று அம்மா முடித்துவிட்டாள்.

திண்டிவனத்தில் என் பின்னால் குடம் இல்லை. நெட்டையாக ஒருவன் வெகுதூரத்திலிருந்து ஓடிவந்து போட்ட முதல் பந்து என் தொடையில் அறைந்தது. கண்ணில் நீர் முட்டியது, ஆனால் கால் இருந்த இடத்திலேயே இருந்தது. இவ்வளவுதானா வலி என்று தோன்றிய பிறகு, பந்தின் தையல்கூடத் தெரிய ஆரம்பித்தது. இரண்டு பந்துகளை வேலிவரை அடித்தேன். அதற்கடுத்ததில் ஸ்டம்பு பறந்தது. நாங்கள் தோற்றுப்போனோம்.

வீட்டு வாசலிலேயே சரசு பிடித்துக்கொண்டாள். "கெரவுண்டு எம்மாம் பெருசு? பந்து போட்டவன் எங்கேர்ந்து ஓடியாந்தான்?" நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கண்டமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட சரசுவும் நானும் சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்துக்காகத் திண்டிவனம் போனோம். சாப்பிட்டு முடித்ததும், "அண்ணே, நீ ஆடுன எடத்தக் காட்டு" என்றாள். வெயிலில் தேடிப் போனோம். வேலியும் இல்லை, திடலும் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய மாடிவீடுகள். எந்த இடமென்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் மட்டும், முழங்கால் வலியோடு, ஒவ்வொரு சந்தாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.