முந்திரி உடைத்த விரல்கள்

ஐந்தாறு மாதமாகத் திருவதிகை ரேஷன் கடை மிஷின் என் அம்மாவை ஏற்க மறுத்தது. கட்டைவிரலை வைப்பாள், சிவப்பு விளக்கு எரியும். சேலையில் அழுத்தித் துடைத்து மறுபடி வைப்பாள், மறுபடியும் சிவப்பு. கடைக்காரர் நல்ல மனிதர், அதுவரை எப்படியோ சமாளித்துவிட்டார். கடைசியில் அவரே, "ரேகைய புதுப்பிச்சிட்டு வந்துடுங்கம்மா, இல்லன்னா அடுத்த மாசம் அரிசி போட முடியாது" என்று சொல்லிவிட்டார்.

அரிசி இல்லாவிட்டால் என்ன, சிதம்பரத்துக்கு வந்து என்னோடு இரு என்றேன். "மருமவன் ஊட்டு சோத்துக்கு இப்பவே என்னா அவசரம்?" என்றாள். அம்மாவின் ரோஷம் முழுக்க அந்த அரிசியில்தான் இருக்கிறது. அது நின்றால் அவள் ஆள் பாதியாகிவிடுவாள் என்று எனக்குப் பயம். ஆதார் மையத்துக்கென்று சிதம்பரத்துக்கு அழைத்து வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் தூங்கிக்கொண்டு வர, மடியில் கிடந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சின்ன வயதில் அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் முந்திரிக்கொட்டை உடைத்திருக்கிறேன். கம்பெனி என்றுதான் சொல்வோம், பார்த்தால் கீற்றுக்கொட்டகை. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டினால் ஓடு பிளக்கும். கூடவே எண்ணெய் தெறிக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்போம், அப்படியும் விரல்நுனி கறுத்து, வெந்து, உரிந்து வரும். சோற்றில் கை வைத்தால் உயிர் போகும்.

ஒருநாள், பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்கக் கடலூரிலிருந்து ஆபீசர் வரப்போவதாக முதலாளிக்கு முன்கூட்டியே துப்பு கிடைத்தது. பிள்ளைகள் கையில் இருக்கும் கறுப்பை என்ன செய்வது? கம்பெனி மேஸ்திரிக்கு ஒரு யோசனை தோன்றியது. முந்தின சாயங்காலமே எல்லோர் விரலுக்கும் மருதாணி அப்பினார்கள். காலையில் எங்களைப் புளியமரத்தடியில் தூக்குவாளியோடு வரிசையாக உட்கார வைத்தார்கள். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பிள்ளைகளாம் நாங்கள். அவசரத்தில் ஆண்பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை.

ஜீப்பிலிருந்து ஒரு அம்மா இறங்கினார். ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு பையனிடம், "உனக்குமா கல்யாணம்?" என்றார். நாங்களே சிரித்துவிட்டோம். ஆனால் தாய்மார்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே குரலில், "சோறு கொண்டாந்துதுங்க மேடம்" என்றார்கள். வாய்விட்டுச் சொல்ல ஆளில்லாமல் அவர் என்ன எழுதுவார்? ஜீப்பை நோக்கித் திரும்பிவிட்டார்.

அப்போது என் அம்மா எழுந்தாள். மடியிலிருந்த ஓடெல்லாம் கொட்டின. என் வாளியைப் பிடுங்கித் திறந்து கவிழ்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

"இது எம்பொண்ணு. இங்கதான் கொட்ட ஒடைக்குது. வயசு பதினொன்னு. இஸ்கூல்ல சேத்துவுடுங்க."

முதலாளி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அந்தக் கொட்டகையில் அவளுக்கு இடமில்லை. இரண்டு ஊர் தள்ளி வேறொரு கம்பெனிக்கு நடந்தே போய் அதே கொட்டையைத்தான் உடைத்தாள், என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு. பிறகு நர்ஸிங் படித்தபோது, எங்களுக்காக ஜீப்பில் வந்த சட்டத்தின் கதையை ஆசையாகத் தேடிப் படித்தேன். வெள்ளைக்காரன் காலத்தில், ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை ஆலையில் வைக்காதே என்றுதான் தொடங்கியதாம். பிறகு ஒன்பது என்றார்கள், பன்னிரண்டு என்றார்கள், சுதந்திரம் வந்தபின் பதினான்கு. ஏழிலிருந்து பதினாலுக்கு வளர ஒரு பிள்ளைக்கு ஏழு வருஷம் போதும், சட்டத்துக்கு ஒரு ஆயுள் பிடித்திருக்கிறது. கீற்றுக்கொட்டகைகளுக்குள் எட்டிப்பார்க்க அதற்கு இன்னும் வெகுகாலம் ஆனது. அப்படித் தட்டுத்தடுமாறி வந்த ஒன்று சரியாக எங்கள் புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் இன்னும் நம்ப முடியவில்லை. வந்த பின்னும் என் அம்மா எழுந்திருக்காவிட்டால் அது வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கும்.

மையத்தில் இருந்த பெண் அம்மாவின் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். திரையில் வெறும் சாம்பல் நிறத் திட்டுகள். மிஷினில்தான் கோளாறோ என்று, "அக்கா, உங்க கைய ஒருவாட்டி வைங்க" என்றாள். வைத்தேன். திரை முழுக்கக் கோடுகள், சுழிசுழியாக, ஒன்றுகூட அழியாமல். அந்த வயதில் உரிந்துபோன தோல் மறுபடி இத்தனை ஒழுங்காக வரைந்துகொண்டு முளைத்திருக்கிறது. நோயாளிகளின் நாடியைத் தினமும் தொடும் விரல்கள்தான், ஆனால் அன்றுதான் அவற்றை முதன்முதலாகப் பார்த்தேன். அம்மா திரைக்குக் கிட்டே போய், "இது ஒன்னுதுதானா?" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள்.

பிறகு பக்கத்திலிருந்த வேறொரு மிஷினில் அம்மாவின் கண்ணைப் படமெடுத்தார்கள். கண்ணை மிஷின் உடனே ஏற்றுக்கொண்டது. ரேஷன் கடையிலும் இனி கண்ணைக் காட்டினால் போதுமாம், அரிசிக்குத் தடையில்லை. எனக்கு மூச்சு வந்தது.

தாளை நீட்டும்போது அந்தப் பெண் மனசு கேட்காமல், "ஏம்மா, ஒங்க ரேகையெல்லாம் எங்க போச்சு?" என்றாள்.

அம்மா என் கை இன்னும் தெரிந்துகொண்டிருந்த திரையைக் காட்டினாள்.

"அதோ, அங்கதான் இருக்குது, பாரு."