எவர்சில்வர் பைப்பில் நான்கு ஓட்டைகள்

பக்கவாதம் வந்த என் மனைவி பிடித்துக்கொண்டு நடப்பதற்காக, கள்ளிக்குப்பம் வீட்டுக் குளியலறையில் எவர்சில்வர் பைப் ஒன்றைப் பொருத்த நினைத்தேன். திருகாணி போட அதில் ஓட்டையே விழவில்லை. டிரில்லை முழு வேகத்தில் வைத்து அழுத்தியதில் ஓட்டை போடும் பிட்டுகள் மூன்று கருகின. "நாளிக்குப் பாத்துக்கலாம்ங்க" என்றவளிடம், "எல்லாம் உன்னால வந்த ரோதனை" என்று கத்திவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சத்தம் கேட்டு, லேத் பட்டறையில் வேலை பார்க்கும் மாடிவீட்டுப் பெண் இறங்கி வந்தாள். "இன்னாண்ணா, இப்டி அழுத்துனா பைப்பு சூடாயி இன்னும் இறுகிக்கும். வேகத்தக் கொறச்சு எண்ணெய் விடுங்க" என்றவள், புது பிட் மாட்டி, நான்கு ஓட்டைகளையும் நிதானமாகப் போட்டுக் கொடுத்தாள்.

மனைவி இப்போது அந்தப் பைப்பைப் பிடித்துத்தான் நடக்கிறாள். நான் கை நீட்டினால், "வேணாங்க, நானே போய்க்கிறேன்" என்கிறாள். அன்று சொன்னதை எப்படித் திரும்பப் பெறுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.