தினம் ஒரு படம் பிடித்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா அவர்கள் கண்மூடி இந்த ஆடியோடு ஒரு வருஷம் நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர் கையிலும், வர இயலாமற்போன நண்பர்கள் கையிலும் இந்தச் சிறு நினைவு மலரை வைக்கிறோம். அக்காவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பு உடன்பிறந்தவன் என்ற முறையில் என்னிடம் வந்தது. அதில் ஒரு பகுதி இதுவரை யாருக்கும் தெரியாது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின்கீழ் வரிசையாக வீடுகள் உள்ள மேல்மலை லயத்தின் கடைசிக் காம்பராவில் பிறந்தார். எனக்கு ஏழு வயது மூத்தவர். அப்பா காய்ச்சலில் போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அம்மா கொழுந்து பறிக்கப் போக, என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அக்காதான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை என்னைப் படிக்கவைத்தார். அவர் படித்தது இரண்டாம் வகுப்பு. இலங்கை சுதந்திரம் பெற்ற வருஷம், தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு மலைக்குப் போகும் பிள்ளைக் காம்பராவில் அக்கா ஆயாவாகச் சேர்ந்தார். அது எங்கள் லயத்தை ஒட்டியே இருந்தது.

பிரஜாவுரிமை, பாஸ்போட் என்று ஊரெல்லாம் படம் தேவைப்பட்ட காலம் அது. நுவரெலியாவில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர் மாதம் ஒருமுறை தோட்டத்துக்கு வருவார். வெள்ளைத் துணியைப் பிடிப்பது, கிழவிகளுக்குத் தலை சீவிவிட்டு உட்காரவைப்பது எல்லாம் அக்காவின் வேலை. அதற்குப் பதிலாக அவர் ஒரு பழைய பெட்டிக் கேமராவையும், காலம் கடந்த பிலிம் சுருள்களையும் கொடுத்தார். கழுவியும் கொடுத்தார்.

ஒரு சுருளில் எட்டுப் படம். அக்கா நாளுக்கு ஒன்று எடுப்பார், அதற்கு மேல் எடுக்கமாட்டார். பகல் பன்னிரண்டு மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க வரும் நேரத்தில், மலையூற்று வந்து விழும் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்துக் கல்லின் மேல் கேமராவை வைத்து, பிள்ளைக் காம்பராவின் வாசலைப் பார்த்து ஒரு தட்டு. தீபாவளிக்குப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றவர்களை அவர் எடுத்ததில்லை. சட்டைப் பொத்தானைச் சப்பும் பிள்ளை, இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கை உதறும் பெண், வாசற்படியில் ஏறுவதா வேண்டாமா என்று நிற்கும் கோழி, இவைதான் அவருக்குப் படம். "பாத்துக்கிட்டே இருக்கம், ஆனா பாக்குறதில்ல" என்பார். ஒவ்வொன்றின் பின்புறமும் தேதி எழுதி, பிஸ்கட் டின்னில் அடுக்கிவைப்பார். இப்படி எட்டு வருஷத்துக்கு மேல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அந்த வருஷத்துப் படங்களைப் பாயில் பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் அப்போது மலையில் ஆட்களை வேலைவாங்கும் கணக்கப்பிள்ளையாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"தம்பி, பிள்ளைகளப் பாக்காத. பின்னால அந்தச் சவுக்கு மரத்தப் பாரு. மாசியில நேரா நிக்குது. இப்பக் கூரைப் பக்கம் சாயுது."

கேமரா கோணியிருக்கும் என்றேன்.

"கேமரா கோணுனா கதவு நெலையுமில்ல கோணணும்? நெலை நேராத்தான் இருக்கு. மலைதான் எறங்குது."

பாயில் கிடந்த படங்களை மறுபடி பார்த்தேன். லயத்துக்குப் பின்னால் மண்ணைத் தாங்கிய கல்மதில், சித்திரையில் பிள்ளைகளின் தலைக்கு மேலே நேர்க்கோடாகத் தெரிந்தது. ஆவணியில் நடுவே வயிறு தள்ளியிருந்தது. அந்த மதிலை நான் தினமும் கடந்துதான், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனேன். ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. அம்மா இரண்டு வாரமாகக் கதவு சாத்த முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் உறைத்தது.

அக்கா அன்றே லயம் முழுக்கச் சொல்லப்போவதாக எழுந்தார். நான் தடுத்தேன். ஜனங்களைக் கலவரப்படுத்தினால் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குப் பிடிக்காது, முறையாகப் படங்களைக் கொடுத்தால் அவரே லயத்தைக் காலிசெய்ய உத்தரவு போடுவார், அதுவரை வாய் திறக்கவேண்டாம் என்றேன். அக்கா நம்பினார். பதினொரு படங்களைத் தேதிவாரியாக ஓர் உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

மறுநாள் அந்த உறையோடு ஆபீஸ் வாசல் வரை போனேன். கூரை ஒழுகுகிறதென்று எழுதிக் கொடுத்த ஒருவருக்கு முந்திய வருஷம் வேலைநீக்கப் பற்றுச்சீட்டுக் கிழித்துக் கொடுத்து, குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டு அனுப்பியிருந்தார்கள். அது நினைவுக்கு வந்தது. என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. உறையை டிரங்குப் பெட்டியில், என் வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன்.

"குடுத்தியா தம்பி?"

"குடுத்துட்டேன்க்கா. தொர பாக்குறேன்னு சொன்னாங்க."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இதையே சொன்னேன்.

கார்த்திகை மழை பிடித்தது. பதினொரு நாள் விடவில்லை. அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு தினமும் படம் எடுத்தார். பன்னிரண்டாம் நாள் காலை, குழந்தைகளுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனவர் பீலி முன்னால் நின்றுவிட்டார். வானம் கொட்டிக்கொண்டிருந்தது, பீலியில் மட்டும் சொட்டு நீர் இல்லை. மலை தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது.

அக்கா யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. பதினான்கு குழந்தைகள். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, நடக்கத் தெரிந்தவற்றை முந்தானையைப் பிடிக்கச் செய்து, அரை மைல் தள்ளியிருந்த கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுபோனார். இரண்டு நடையில் பன்னிரண்டு பேர். முதல் நடையிலேயே லயத்து வாசலில் நின்று கூவியிருக்கிறார். பெரும்பாலோர் மலையில் இருந்தார்கள். வீட்டில் இருந்தது காய்ச்சலில் படுத்திருந்த எங்கள் அம்மாவும், அடுத்த காம்பராவில், பிள்ளையை அக்காவிடம் விட்டுக் கொழுந்துக்குப் போயிருந்த முத்தம்மாவின் வயதான தாய் தகப்பனும். அந்தப் பெரியவருக்குக் காது மந்தம். அம்மா, "பிள்ளைகளக் கொண்டுபோ, நான் மெதுவா வாறேன்" என்றாராம். மூன்றாம் நடையில் கடைசி இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பாதை திரும்பும்போது, பின்னால் சத்தம் கேட்டது.

நான் எதிர்மலையில் ஆட்களோடு நின்றேன். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் எல்லா உருளைகளும் ஒன்றாய் ஓடுவதுபோல ஓர் இரைச்சல். பார்த்தபோது சவுக்கு மரம் நின்றபடியே கீழே நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு பிள்ளைக் காம்பராவும் இல்லை, எங்கள் பக்கத்து ஐந்து காம்பராக்களும் இல்லை. அம்மாவை மூன்றாம் நாள் எடுத்தோம். முத்தம்மாவின் பெற்றோரை நான்காம் நாள்.

இரண்டு வாரம் கழித்து ஆபீஸ் விறாந்தையில் விசாரணை நடந்தது. முன்கூட்டி யாரும் எந்த எச்சரிக்கையும் தரவில்லை என்று துரை சொன்னார். அது உண்மை. அதைக் கேட்டதும் அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். வந்திருந்த அதிகாரியின் கேள்வியைத் தமிழ்ப்படுத்தியவர் கேட்டார்:

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"போட்டோவுல பாத்தேங்க."

"யார்கிட்ட சொன்ன?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தூணோரம் நின்றேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பிவிட்டார்.

"யார்கிட்டயும் சொல்லலீங்க. பயந்துட்டேன்."

நான் வாய் திறக்கவில்லை.

அந்த ஒரு வார்த்தையோடு அக்கா அதற்குப்பின் ஒன்பது வருஷம் வாழ்ந்தார். வெளியே வந்ததும் முத்தம்மா அவரை மறித்து, "எம்புள்ளையத் தூக்கத் தெரிஞ்சவளுக்கு எங்கப்பன எழுப்பத் தெரியலையா? தெரிஞ்சிருந்தும் வாய மூடிக்கிட்டு இருந்தியே" என்று கேட்டார். அக்கா தலை குனிந்து நின்றார். அக்காவுக்குப் பேசிமுடித்திருந்த, உடப்புசல்லாவை ஊர் மாப்பிள்ளை வீட்டார் அதன்பின் வரவில்லை. புதிய பிள்ளைக் காம்பராவில் அவரைச் சேர்க்கவேண்டாமென்று தாய்மாரே கேட்டுக்கொண்டார்கள். என் வேலை நிரந்தரமானது. வீடும் கிடைத்தது. அக்கா என் வீட்டில் இருந்து என் பிள்ளைகளை வளர்த்தார்.

ஒருமுறை, அம்மாவின் திதியன்று, சொல்லிவிடுவது என்று அக்காவின் முன்னால் உட்கார்ந்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை நிறுத்தினார்.

"சொல்லாத தம்பி. நீ வாயால சொல்லிட்டா, அப்புறம் ஒன்னய நான் எப்பிடிப் பாப்பேன்?"

அதன்பின் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் கேமராவை அவர் விடவில்லை. என் வீட்டுக்குப் பின்னாலிருந்த மண் திட்டைத் தினமும் ஒரு படம் எடுத்தார். சுருள் கழுவி வந்ததும் சன்னல் வெளிச்சத்தில் எட்டையும் வரிசையாக வைத்துப் பார்ப்பார். பார்த்து முடிக்கும்வரை என் பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடமாட்டார். மழை நாட்களில் அவர் படுப்பது வாசற்கதவுக்கு அருகில்தான்.

நெஞ்சுச்சளி முற்றி நுவரெலியா ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். கடைசிவரை என்னிடம் கேட்டது ஒன்றுதான்: வீட்டுக்குப் பின்னால் மண் எப்படி இருக்கிறது. இருந்தபடியே இருக்கிறது என்று தினமும் சொன்னேன். அதையாவது ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் அன்போடு கவனித்த தாதிமாருக்கும், மழையில் பாடை சுமந்த தோட்டத்து இளைஞர்களுக்கும், கருமாதிக்குச் சமைத்துப் போட்ட அண்டை வீட்டாருக்கும், கடைசிவரை அக்காவின் படங்களைக் கழுவிக் கொடுத்த ஸ்டூடியோப் பெரியவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அக்கா தூக்கிச் சென்ற பதினான்கு பேரில் ஒன்பது பேர் சுடலைவரை வந்தார்கள். அவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நம்மவர்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தம் வந்துவிட்டது. இதைக் கையில் வாங்குகிறவர்களில் சிலர் கப்பலுக்குக் காத்திருக்கிறீர்கள். முத்தம்மா குடும்பத்துக்கும் பெயர் வந்திருக்கிறது. தவறான நினைப்போடு அவர்கள் கடல் தாண்டக்கூடாது. இந்த மலரில் ஒரு பிரதியை ஆபீசுக்கும் கொடுத்திருக்கிறேன். அவர்கள் செய்வதைச் செய்யட்டும்.

முத்தம்மா, அக்கா சொன்னார். மூன்று மாதம் முன்னதாகவே, படத்தோடு சொன்னார். என்னிடம்தான் சொன்னார்.