துண்டுப்பிரசுரத்தில் கோணேஸ்வரி

அந்தப் படம் கோணேஸ்வரியின் கைபேசிக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தது. அனுப்பியவர் இலண்டனில் பழைய தெருவில் இன்னும் குடியிருக்கும் அயலவர். "இதைப் பார்த்தீங்களா கோணேஸ்?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்கான துண்டுப்பிரசுரம் அது. வேட்பாளராகச் சஞ்சீவன் சிரித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் கோணேஸ்வரி, கையை அவன் தோளில் போட்டபடி. பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய படம். "மக்கள் சேவையை இவரிடம் கற்றேன். போதும், இனிக் கதவைச் சாத்துவோம் என்று சொல்லும் துணிவு என்னுடையது" என்று ஆங்கிலத்தில் கீழே போட்டிருந்தது. மேலே இருந்த சின்னம், வந்தேறிகளை நிறுத்து என்று சொல்லியே வளர்ந்த ஒரு கட்சியினுடையது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார். அவன்தான். அவர்தான்.

கோணேஸ்வரி திருகோணமலையில் பிறந்தவர். எண்பத்தைந்தில், இருபத்துநாலு வயதில், அகதியாக இலண்டனில் இறங்கினார். பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவினார், பிறகு தபாற்கந்தோரில் வேலை செய்தார். வாடகை வீட்டில் மழைநீர் ஒழுகியதற்கு முறையிடப் போன இடத்தில்தான் கட்சிக்காரர்களைச் சந்தித்தார். அவர்களுடன் சேர்ந்து வாக்குக் கேட்டு வீட்டுப் படலை படலையாய் ஏறி இறங்கியவரை இரண்டாயிரத்து இரண்டில் கவுன்சிலராக நிறுத்தினார்கள். பதினாறு வருடம் இருந்தார். கணவர் காலமான பிறகு, மகள் நிசாந்தினி மணமுடித்து வந்த ரொறன்ரோவுக்கே வந்து சேர்ந்தார்.

வந்த அடுத்த வருடமே ஒரு வேலை தேடி வந்தது. நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில், லோறன்ஸ் அவெனியூவில், ஷவர்மாக் கடைக்கு மேல்மாடியில் அன்புராசா ஒரு தமிழ் இணைய வானொலி நடத்துகிறார். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு பிரித்தானிய அரசியலைப் பற்றி அரைமணி நேரம் பேசச் சொல்லிக் கேட்டார். இங்குள்ள வீடுகளில் பாதிக்கு இலண்டனில் ஒரு தங்கையோ மச்சானோ உண்டு. சனம் விரும்பிக் கேட்டது. கோணேஸ்வரி தன் கட்சியையும் விட்டுவைக்கவில்லை. அகதி என்று ஏற்றுக்கொண்டவருக்கும் தற்காலிக அனுமதிதான், நிரந்தரமாய்த் தங்க இருபது வருடம்வரை காத்திருக்க வேண்டும் என்று அந்தக் கட்சியின் அரசாங்கமே அறிவித்த வாரம், வானொலியில் அதைக் கண்டித்துப் பேசினார். அப்போதும் "எங்கட கட்சி" என்றுதான் சொன்னார்.

சஞ்சீவன் அவர் வாழ்க்கைக்குள் வந்தது இரண்டாயிரத்து ஒன்பது கடைசியில். லொறிக்குள் ஒளிந்து வந்தவன். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுப் போக இடமில்லாமல் நின்றவனை வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஐந்து மாதம் நிசாந்தினியின் அறையில் அவன் படுத்தான், நிசாந்தினி தாயுடன் படுத்தாள். மேன்முறையீட்டுக்குக் கோணேஸ்வரி நாலு பக்கக் கடிதம் எழுதினார், சாட்சிக் கூண்டிலும் நின்றார். வழக்கு வென்றது. அதன்பின் அவருடைய அடுத்த தேர்தலுக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்தவன் அவன். இரண்டாயிரத்துப் பதினெட்டுத் தேர்தலுக்கு முன் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தெரிவில் கோணேஸ்வரி மூன்று வாக்கால் தோற்றார். அன்றைக்குக் காரில் ஏற்றிவந்து வீட்டில் விட்டவனும் அவன்தான். ஸ்ரியறிங்கில் தலையை வைத்து அழுதான். எல்லாரும் கைவிட்ட நாளில் ஒருவனாவது இருந்தானே என்று இத்தனை வருடமும் அவர் நினைத்திருந்தார்.

கோணேஸ்வரி அனுப்பிய பிரசுரத்தைப் பார்த்த அன்புராசாவுக்கு ஒரு யோசனை ஓடியது. "அக்கா, அவரை லைனுக்கு எடுப்பம். நீங்கள் நேரடியாக் கேளுங்கோ. பயமெண்டா வேண்டாம்."

"எனக்கு என்ன பயம்? எடும்," என்றார் கோணேஸ்வரி.

மறுநாள் பதினொன்று பத்துக்குச் சஞ்சீவன் இலண்டனிலிருந்து இணைப்பில் வந்தான். "வணக்கம் அன்ரி" என்ற குரலில் பழைய பாசம் அப்படியே இருந்தது. கோணேஸ்வரி அவனை அதுவரை "நீ" என்றே அழைத்தவர். அன்றைக்கு "நீங்கள்" என்று தொடங்கினார்.

"சஞ்சீவன், நீங்கள் வந்த வழியால இண்டைக்கு ஒருத்தர் வந்தா, அவருக்கு உங்கட கட்சி என்ன செய்யும்?"

"திருப்பி அனுப்பும் அன்ரி. நாங்கள் வந்தது யுத்தத்தால. இப்ப வாறவை அப்பிடியில்லை."

"எங்களையும் அப்பிடித்தான் சொன்னவை."

"அதிலையும் உண்மை இருந்ததுதானே?" அவன் இப்போது அவரை விட்டு நேயர்களிடம் பேசத் தொடங்கினான். "அன்ரி நல்லவா. ஆனா கேட்ட எல்லாருக்கும் கடிதம் எழுதிக் குடுத்தவா. அதிலை எத்தினை பொய்க் கேஸ்? அவாவுக்கே தெரியும். அவா மாதிரி ஆக்களாலதான் இப்ப உண்மையான அகதியையும் ஒருத்தரும் நம்பினமில்லை."

அன்புராசா பதில் சொல்லும்படி கையால் சைகை காட்டினார். கோணேஸ்வரி தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"எனக்குத் தெரியாது," என்றார். "தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டன். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, என்ர வீட்டிலை இருந்து சாப்பிட்ட நாளிலை ஏன் சொல்லேல்லை?"

அவன் சிரித்தான். கூட்டமொன்று இருக்கிறது என்று சொல்லி இணைப்பை விட்டான். உடனே ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் இருந்து நேயரான ஒரு பெண் அழைத்தார். கொதித்துப்போயிருந்தார். "அக்கா, உவர் எப்பிடி வந்தவர், கேசிலை என்ன சொன்னவர் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. சொல்லுங்கோ. முகமூடி கிழியட்டும்."

கோணேஸ்வரிக்கு எல்லாம் தெரியும். நீதிமன்றத்தில் அவன் சட்டையைக் கழற்றியது, பேச்சு வராமல் நடுங்கியது, அவனுக்கு நடந்தவை. அவன் மனைவிக்கும் தெரியாதவை அதில் இருந்தன. நாக்கு நுனிவரை வந்தது.

"அது அவற்ர கதை, தங்கச்சி," என்றார். "நான் சொல்லமாட்டன்."

வீட்டுக்கு வந்தபோது நிசாந்தினி நிகழ்ச்சியைக் கேட்டு முடித்திருந்தாள். ஆறுதல் சொல்லுவாள் என்று தாய் நினைத்தார்.

"பதினாறு வயசிலை என்ர ஜி.சி.எஸ்.இ. சோதனை ரிசல்ட் வந்த நாள் ஞாபகம் இருக்கா அம்மா?" என்று அவள் கேட்டாள். "நான் ஸ்கூல் கேற்றிலை தனிய நிண்டனான். நீங்கள் அவன்ர அப்பீலுக்குப் போயிட்டீங்கள். அண்டைக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. பாவம், அவனுக்கு ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சன். இப்ப நினைக்க எனக்குப் பத்திக்கொண்டு வருது."

கோணேஸ்வரி சப்பாத்தையும் கழற்றாமல் கதிரையில் அமர்ந்தார். சஞ்சீவன் தன்னை ஏமாற்றிய கணக்கில், தான் மகளை விட்டுவிட்டுப் போன நாட்களும் இருந்தன என்பது அந்த நேரத்தில்தான் அவருக்கு உறைத்தது. "பிழைதான் பிள்ளை" என்றார். நிசாந்தினி குனிந்து தாயின் சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனே அழைத்தான்.

"அன்ரி, கோவமோ? உது அரசியல். மேடையிலை கதைக்கிறதை மனசிலை எடுக்காதேங்கோ."

"என்ர படத்தை அதிலையிருந்து எடு."

"எல்லா வீட்டுக்கும் போயிட்டுது அன்ரி. பழைய சனம் உங்களிலை மரியாதை வைச்சிருக்கு. அந்த வோட் எனக்கு வேணும்."

அவன் வெட்கப்பட்டானோ, இல்லை எல்லாவற்றையும் இறக்கிவைக்க நினைத்தானோ, தானாகவே சொன்னான்.

"இன்னொண்டும் சொல்லவேணும். பதினெட்டிலை அந்தத் தெரிவுக் கூட்டத்திலை நான் உங்களுக்கு வோட் போடேல்லை."

"நீ காரிலை அழுதனி."

"ஓம். உண்மையாத்தான் அழுதனான். அடுத்தமுறை எனக்கு சீற் தாறம் எண்டு கட்சிக்குள்ள மற்றப் பக்கத்தார் சொன்னவை. பிறகு தரேல்லை, அதுக்குப் பிறகுதான் கட்சி மாறினனான். எனக்கும் துரோகம்தான் செய்தவங்கள்."

"உன்ர ஒரு வோட்டால நான் தோக்கேல்லை. மூண்டு வோட்."

"நாலு பேரோட நான்தான் கதைச்சு மாத்தினனான்," என்றான்.

கோணேஸ்வரி எழுந்து யன்னலடிக்குப் போனார். எட்டு வருடமாக அந்தத் தோல்விக்குக் காரணம் தேடி எத்தனை பேரைச் சந்தேகப்பட்டிருந்தார். ஒரு நல்ல சிநேகிதியுடன் கதைப்பதையே நிறுத்தியிருந்தார். அவள் போன வருடம் செத்தும் போய்விட்டாள்.

"சஞ்சீவன், வடிவாக் கேள்," என்றார். "அந்தக் கடிதத்தை எழுதினதுக்கு நான் கவலைப்படேல்லை. அண்டைக்கு நிண்ட பெடியன் திரும்பவும் வந்து நிண்டா, திரும்பவும் எழுதுவன். அதிலை இருந்தது எல்லாம் உண்மை. ஆனா உனக்கும் எனக்கும் இனி ஒரு கதையும் இல்லை. இனிப் போன் எடுக்காதே."

அதன்பின் அவன் இரண்டுமுறை அழைத்தான். அவர் தூக்கவில்லை.

இனி அவருக்கு "எங்கட கட்சி" என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கிழமையே தன் கட்சிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி உறுப்புரிமையிலிருந்து விலகினார். முப்பது வருடத்தை ஆறு வரியில் எழுதினார். உங்கள் கருத்துக்கு நன்றி, ஏராளமான மடல்கள் வருவதால் பதில் தாமதமாகலாம் என்று உடனே ஒரு தானியங்கிப் பதில் வந்தது. வேறு பதில் வரவில்லை.

மே ஏழில் தேர்தல் நடந்தது. சஞ்சீவன் வென்றான்.

அந்தச் சனிக்கிழமை கோணேஸ்வரி வழமைபோல வானொலிக்குப் போனார். முடிவுகளை வாசித்துக்கொண்டு வந்தவர், அந்த வட்டாரம் வந்ததும் நிற்காமல் அவன் பெயரையும் வாக்குத் தொகையையும் வாசித்தார்.

அன்புராசா விடவில்லை. "அக்கா, இதைப் பற்றி என்ன நினைக்கிறீங்கள்?"

"அந்த வட்டாரத்துச் சனம் தெரிவுசெய்தது. வீடு ஒழுகுது எண்டு வாறவைக்கு அவர் கதவைத் திறக்கவேணும், எந்த நாட்டாள் எண்டு பாராமல். அதுதான் கவுன்சிலற்ர வேலை." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு மனம் ஆறேல்லை. ஆறினமாதிரிச் சொன்னா, கேக்கிறவைக்கு நான் பொய் சொன்னதாப் போகும்."

பிறகு தாளைப் புரட்டி ஸ்கொட்லாந்து முடிவுகளுக்குப் போனார்.