சிறாப்பர் ஐயா வீட்டுப் பாக்கி

சிறாப்பர் ஐயா அந்தச் சொல்லைச் சொன்ன விதம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். விறாந்தையில் பிரம்புக் கதிரையில் இருந்தார். வெள்ளைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். நான் படிக்குக் கீழே, கால் கை கழுவிய ஈரத்தோடு நின்றேன். "ஐயா, தோட்ட வேலை முடிஞ்சுது. மிச்சக் காசைத் தந்தியளெண்டால் வெளிக்கிடுவன்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபமும் இல்லை, தந்திரமும் இல்லை. கணக்கைப் பிழையாகச் சொன்ன பிள்ளையைத் திருத்துகிறவரின் சாந்தம்தான் இருந்தது. "அது தந்தாச்சே, பிள்ளை" என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இந்தப் படியிலை நிண்டுதானே எண்ணினனீர்? ரெண்டாந்தரமும் எண்ணிப் பாரும் எண்டு சொன்னனான்" என்றார். அவர் சொன்னது நடந்ததுதான். ஆனால் அது முற்பணம், வேலை தொடங்கிய அன்றைக்குத் தந்தது. அதைச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டி, "இல்லைப் பிள்ளை, முழுக்கத் தந்தாச்சு" என்றார். அவருக்குப் பின்னால் கதவு நிலையைப் பிடித்தபடி அவருடைய மனைவி நின்றார். அம்மாவாவது ஏதும் சொல்வார் என்று அவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மன்னார்த் தீவில் வீட்டுத் தோட்டம் வைப்பது என்றால் முதலில் மண் வாங்க வேண்டும். இங்கே வெட்டினால் வெள்ளை மணல், இறைத்தால் பாதிக் கிணறுகளில் உவர்த் தண்ணீர். பெரியமடுப் பக்கமிருந்து செம்மண்ணும் மாட்டெருவும் உழவு இயந்திரப் பெட்டியில் வரவேண்டும். புல் வேறு இடத்திலிருந்து துண்டு துண்டாக வெட்டி வரவேண்டும். ஊரில் அவிழ்த்துவிட்டபடி திரிகிற கழுதைகள் உள்ளே வராமல் கம்பி அடைக்க வேண்டும். எல்லாச் செலவும் முதலில் என் தலையில்தான். வேலை முடிந்து தண்ணீர் தெளித்துப் பச்சையாக நிற்கும்போது பார்க்கிறவர்களுக்கு அது தானாக முளைத்ததுபோலத் தோன்றிவிடும். அப்போதுதான் கதை தொடங்கும். மூலையில் புல் மஞ்சளாகிவிட்டது என்பார்கள். மகன் வெளிநாட்டிலிருந்து காசு போடட்டும் என்பார்கள். தண்ணீர் விடாமல் காயவிட்டுவிட்டு, செடி செத்துப்போச்சு, அதற்கும் காசா என்று கேட்டவர்களும் உண்டு.

இலுப்பைக்கடவையிலிருந்து கலியாணம் முடித்து மன்னாருக்கு வந்தபிறகு, ஒரு நாற்றுமேடையில் கூலிக்கு நின்று தொழில் பழகித்தான் தனியாக இறங்கினேன். சொந்தத் தொழில் என்று சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. மண்வெட்டி பிடிக்க நான் பயந்ததில்லை. காசு கேட்கத்தான் பயம். சைக்கிளில் போகும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். எந்தச் சொல்லில் தொடங்குவது, அவர்கள் முகம் மாறினால் எங்கே நிறுத்துவது என்று. வாசல் கேற்றடிக்கு வந்ததும் ஒருதரம் தாண்டிப் போய்த்தான் திரும்பி வருவேன். உழைத்த காசைக் கேட்கப் போகிறவள் கடன் கேட்கப் போகிறவள்போல ஏன் பதுங்குகிறாள் என்று என்னையே ஏசிக்கொள்வேன். ஏசினாலும் பயம் போகாது.

சிறாப்பர் ஐயா வீட்டு வேலையை எடுத்தபோது அந்தப் பயம் துளியும் இருக்கவில்லை. மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் அரச பணத்தை வாங்குவதும் கொடுப்பதுமான காசாளராக இருந்தவர் அவர். அந்த வேலைக்குப் பழைய ஆட்கள் சொல்லும் பெயர் சிறாப்பர். ஓய்வுபெற்றுப் பல காலமாகியும் பெயர் போகவில்லை. ஊரில் காணி வாங்குகிறவர்கள்கூட அவர் முன்னால்தான் காசை எண்ணிக் கைமாற்றுவார்கள். மாதா கோயில் திருவிழாக் கணக்கு அவர் பார்த்தது என்றால் பிறகு ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வெளிநாட்டு மகன் கிறிஸ்து பிறப்புப் பண்டிகையான நத்தாருக்குக் குடும்பத்தோடு வருகிறான், முற்றம் பச்சையாக இருக்கவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். பாதி முன்னுக்கு, மீதி முடிந்தபிறகு என்று பேச்சு. "சிறாப்பர் ஐயா வீடோ? அப்ப அந்தக் காசு பெட்டிக்குள்ளை இருக்கிறமாதிரி" என்று என் புருஷன் சொன்னார்.

அதனால்தான் அந்தச் சொல் என்னை அப்படி அடித்தது. வீட்டுக்கு வந்து என் புருஷனிடம் சொன்னேன். அவர், "நீ உண்மையா வாங்கேல்லையோ?" என்று கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். சிறாப்பர் ஐயா காசு விஷயத்தில் பிழை விடுவார் என்பதை நம்ப அவருக்கு இடமில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டது. அலுமாரிக்குள் உடுப்பெல்லாம் எடுத்து உதறினேன். அரிசி வாளிக்குள் கை விட்டுப் பார்த்தேன். சைக்கிள் கூடைக்குள் கிடந்த பழைய பையைக் கவிழ்த்தேன். வாங்கி எங்கேயோ வைத்துவிட்டேனா? வாங்கி யாருக்காவது கொடுத்துவிட்டேனா? வாங்காத காசைத் தேடுவதுபோல மனிதரைப் பைத்தியமாக்குவது வேறு ஒன்றும் இல்லை.

மண் ஏற்றித் தந்த பெரியமடுத் தம்பி காலையும் மாலையும் தொலைபேசி எடுத்தான். "அக்கா, டீசலுக்கும் கடன் சொல்லித்தான் ஓடினனான்" என்பான். அவன் குரலில் கோபம் இல்லாததால் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. அதற்குள் கதையும் பரவிவிட்டது. புதிதாகக் கட்டிய விருந்தினர் விடுதி ஒன்றின் முன்பக்கத்தை அடுத்ததாக எனக்குத் தருவதாக இருந்தார்கள். அங்கே போனபோது அந்த முதலாளி அம்மா கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டே பேசினார். "சிறாப்பர் ஐயாட்டை ரெண்டுதரம் காசு கேட்டனீராமே? எங்களுக்கு உந்தச் சோலி வேண்டாம், பிள்ளை" என்றார். நான் சைக்கிளைத் திருப்பினேன். என்ன சொல்வது? ஐயா பொய் சொல்கிறார் என்றா? ஊரில் யார் நம்புவார்கள்?

திரும்பவும் ஒருமுறை சிறாப்பர் ஐயா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அவர் சாந்தமாக இருக்கவில்லை. கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அரசாங்கக் காசிலை ஒரு சதம் பிழைவிடாதவன் நான். உம்மட கூலியையோ களவெடுத்தனான்? மத்தியஸ்த சபைக்குப் போம். நானும் வாறன்!" என்றார். அயல்வீட்டு மதிலுக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் சொன்னபடியே செய்தேன். சிறு தகராறுகளைப் பேசித் தீர்க்கிற அந்தச் சபையில் முறைப்பாடு கொடுத்தேன். சனிக்கிழமை, சபை கூடுகிற பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பகுதியும் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கடிதம் வந்தபிறகு பயம் இரட்டித்தது. சபையில் இருப்பவர்கள் எல்லோரும் அவரை மதிப்பவர்கள். என்னிடம் பற்றுச்சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. தோற்றால் பிறகு இந்த ஊரில் யார் எனக்குக் கேற் திறப்பார்கள்?

அந்தச் சனிக்கிழமைக்கு முன், நான் ஒரு வீட்டு முற்றத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. சிறாப்பர் ஐயாவின் மனைவி இறங்கினார். நல்ல வெயில். குடை இருந்தும் விரிக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் கேட்காதபடி என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"உமக்குத் தரேல்லை எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை" என்றார். "அண்டைக்குக் கதவடியிலை நிண்டனான்தானே. உம்மட மீதிக் காசு அலுமாரிக்குள்ளை அப்பிடியே கிடந்தது."

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். "தெரிஞ்சுகொண்டோ அம்மா பேசாமல் நிண்டனீங்கள்? என்னை ஊரெல்லாம் கள்ளி எண்டு சொல்லுது!"

"ஐயாவுக்கு மறதி வந்திட்டுது." அவர் அதை ஒரு கெட்ட சொல்லைச் சொல்வதுபோல மெல்லச் சொன்னார். "சாதாரண மறதி இல்லைப் பிள்ளை. பூசைக்குப் போயிட்டு வந்தவர், எங்கட கேற்றடியிலை நிண்டு, இது ஆருடைய வீடு எண்டு என்னட்டைக் கேக்கிறார். பிறகு தானே விளங்கி, தலையைப் பிடிச்சுக்கொண்டு இருந்து அழுதார். உம்மட காசைத் தந்ததெண்டுதான் அவர் மனசார நம்புறார். ஆக்களுக்கு முன்னாலை நான் இல்லையெண்டால் அவர் உடைஞ்சுபோவார்."

மகனுக்குக்கூட அம்மா சொல்லவில்லை. நத்தாருக்கு வந்து சந்தோசமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று மறைத்திருந்தார். சனிக்கிழமை சபையில் ஆட்கள் கேள்வி கேட்டால், கணக்கில் ஊரே நம்பிய மனிதர் எல்லோர் முன்னாலும் தடுமாறி நிற்பார். அதைத் தன்னால் பார்க்க ஏலாது என்றார். சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த காசை என் கையில் வைத்தார். "முறைப்பாட்டை எடுத்துவிடும், பிள்ளை" என்றார்.

காசு கையில் இருந்தது. பெரியமடுத் தம்பியின் முகம் கண்ணுக்குள் வந்து போனது. ஆனாலும் என்னால் ஓம் என்று சொல்ல முடியவில்லை. முறைப்பாட்டை நான் எடுத்துவிட்டால், பொய் சொல்லிப் பிடிபட்டுப் பின்வாங்கினாள் என்றுதான் ஊர் சொல்லும். "காசு வந்திட்டுது அம்மா. என்ரை பேருக்கு என்ன செய்யிறது? அந்தப் பேரிலைதானே நான் சோறு தின்னுறன்" என்றேன். அவர் குடையை மறுகைக்கு மாற்றினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. "அதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினார்.

அவர் என்ன செய்யப் போகிறார் என்று தெரியாமலே முறைப்பாட்டை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த விடுதி முதலாளி அம்மா தானாகவே தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, கோவியாதையும். விஷயம் இப்பதான் விளங்கினது" என்றார். காலைப் பூசை முடிந்து ஆட்கள் கலைகிற நேரம், சிறாப்பர் ஐயாவின் மனைவி கோயில் வாசலில் நாலைந்து பெண்களை நிறுத்திவைத்துச் சொல்லியிருக்கிறார். ஐயா காசைத் தன்னிடம்தான் தந்தாராம், தோட்டக்காரப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி. தான்தான் அதை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டு, ஐயாவுக்குச் சொல்லப் பயந்து மறைத்தாராம். "அவரும் பிழையில்லை, அந்தப் பிள்ளையும் பிழையில்லை. நான்தான் பிழை விட்டனான்" என்றாராம்.

தொலைபேசியை வைத்துவிட்டு அடுப்படி நிலத்தில் குந்திவிட்டேன். அந்த அம்மாவை ஊர் அதற்குப் பிறகு சும்மா விடவில்லை. புருஷன் தந்த கூலிக்காசை அமுக்கியவள் என்று நேரே சொல்லாவிட்டாலும் சாடை மாடையாகச் சொன்னார்கள். ஒருநாள் சந்தையில் மீன் வாங்க நின்றபோது எனக்கு முன்னால் அவர் நின்றார். மீன்காரர் மிச்சக் காசைக் கொடுக்கும்போது, "இந்தாங்கோ அம்மா, இதையாவது ஐயாட்டைச் சேத்துவிடுங்கோ" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது கொதித்தது. வாயைத் திறக்கப் போனேன். அவர் என்னைக் கண்டுவிட்டார். வேண்டாம் என்று கண்ணால் சொல்லிவிட்டு, தானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். "ஓம், ஓம், சேத்துவிடுறன்" என்றபடி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நத்தாருக்கு மகன் வந்தார், புல் பச்சையாக நின்றது. ஐயா பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்ததை வெளியே நின்று பார்த்தேன். அடுத்த மழைக்காலத்துக்குள் மறைக்க முடியாதபடி நோய் முற்றிவிட்டது. மகன் இருவரையும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐயாவின் நோய் தெரிந்தபிறகும் அம்மாவின் கதையை யாரும் திருப்பி யோசிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஊருக்கு நேரம் இல்லை. ஐயா கொழும்பிலேயே காலமானார். அடக்கத்துக்கு இங்கே கொண்டுவந்தபோது, கணக்கில் அவரைப்போல் ஒருவர் இனி இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா கறுப்புச் சேலையோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

இப்போது பலர் காசைத் தொலைபேசியிலேயே அனுப்புகிறார்கள். தகராறு குறைந்ததாகச் சொல்ல முடியாது. போன கிழமை, வெளிநாட்டிலிருந்து வந்து வீடு கட்டியிருக்கும் இளம் பெடியன் ஒருவன், "அனுப்பிட்டனே அக்கா" என்றான். எனக்கு எதுவும் வந்திருக்கவில்லை. முன்பென்றால் அவன் ஏமாற்றுகிறானோ என்று மட்டும்தான் பயந்திருப்பேன். இப்போது அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் சேர்ந்து வந்தது. அவன் பொய் சொல்லவில்லை, சிறாப்பர் ஐயாவைப்போல மனசார நம்புகிறான் என்றால்? முப்பது வயதும் இராத அந்த முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் தொலைபேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ மன்னியுங்கோ அக்கா, போகேல்லை, அப்பிடியே நிக்குது" என்று சிரித்தான். அங்கேயே திரும்ப அனுப்பினான். என் தொலைபேசி சத்தம் போட்டது. நான் அதைப் பார்க்கவில்லை. "தம்பி, கொஞ்சம் தண்ணி தாறீரோ?" என்று கேட்டுவிட்டு, புதிதாகப் பதித்த புல்லின்மேலேயே குந்திவிட்டேன்.